ஏற்காட்டு மூடுபனியில் பழைய ஃபிலிம் கேமரா

ஏற்காட்டுக் கடைத்தெருவை மூடுபனியில் எடுத்தால் படம் அழுக்குச் சாம்பலாக வருவது கேமராவின் கோளாறு அல்ல. எதைக் காட்டினாலும் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலாகவே கணக்குப் போடும். வெள்ளைப் பனியும் அதற்குத் தப்பாது. மீட்டர் எஃப் 8 துளைக்கு 1/250 நொடி ஷட்டர் என்றால், ஷட்டரை 1/125 வையுங்கள். எதிர்க்கடைப் பலகையே தெரியாத பனியா? 1/60. நெகட்டிவ் ஃபிலிம் தாராளமாகத் தாங்கும். ஸ்லைடு ஃபிலிமுக்கு ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரட்டிப்பாக்கும் அந்த 1/125, போதும்.

பேட்டரியையும் பாருங்கள். 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காக வந்த பல கேமராக்களில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் ஒளியைக் கூட்டிக் காட்டும், படம் இன்னும் இருளும். காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், அது நல்ல மாற்று. கேமராவின் பேட்டரி அறையில் அது ஆடினால் ரப்பர் வளையம் போடுங்கள், பேட்டரியின் காற்றுத்துளையை மட்டும் அடைக்காதீர்கள். அந்தத் துளையை மூடிய ஸ்டிக்கரை உரித்தபின் சில வாரங்களே உழைக்கும்.

குளிர்ந்த கேமராவைச் சேலத்து வெக்கையில் சட்டென வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் பூக்கும். உள்ளே தங்கிய ஈரம்தான் பூஞ்சைக்குத் தீனி. மலையிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, இறங்கி அரை மணி கழித்துத் திறவுங்கள்.