சுருண்டு போன மல்பெரிக் கொழுந்து

மல்பெரிச் செடிகளின் நுனி சுருண்டு, கரும்பச்சையாகத் தடித்து நின்றது. சத்துக் குறை என்று நினைத்து உரத்தைக் கொட்டினேன், வீண். ஒரு கொழுந்தைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவும் இளஞ்சிவப்புப் பூச்சிகளும். மாவுப்பூச்சிதான்; அதனால் வரும் இந்தச் சுருட்டலை டுக்ரா என்பார்கள்.

மருந்தடிக்கப் பயம். இலையில் நஞ்சு தங்கினால் அதைத் தின்னும் பட்டுப்புழு பிழைக்காது. அதனால் சுருண்ட நுனிகளைக் கிள்ளி, கீழே சிந்தாமல் பையில் கட்டி எரித்தேன். அப்புறம் மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டுகளை விட்டேன்.

சில நாளில் இன்னும் பெரிய மாவுப்பூச்சிகள் ஊர்ந்தன! நசுக்கப் போனவன், நல்லவேளை, உற்றுப் பார்த்தேன். வண்டின் புழுக்கள்தான் அவை. வெள்ளை மெழுகு இழையைப் போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்தன. கவாத்து செய்தபின் வந்த கொழுந்து நேராக விரிந்தது. பட்டுப்புழுக்களுக்கும் அந்த இலையையே போட்டேன்.