எம்பி எலக்சன் ரிசல்ட்ட வச்சு சேலத்தப் பத்தி பேசறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

சேலம் தொகுதி ரிசல்ட்டு வந்த ஒடனே "சேலம் மாவட்டமே அந்தக் கட்சிக்குப் போயிருச்சு"ன்னு ஸ்டேட்டஸ் போட்டுடறாங்க, மொதல் தப்பே அதாங்க. மாவட்டத்துல 11 சட்டமன்றத் தொகுதி, அதுல ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்குன்னு 6 மட்டுந்தான் சேலம் எம்பி தொகுதிக்குள்ள வருது. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூணும் கள்ளக்குறிச்சியில, மேட்டூர் தருமபுரியில, சங்ககிரி நாமக்கல்ல. 2024ல நாலு எடத்துலயும் திமுக கூட்டணி ஜெயிச்சதால எல்லாம் ஒரே மாதிரின்னு தோணும், ஆனா தருமபுரியில ரெண்டாவது வந்தது பாமக, சேலத்துல ரெண்டாவது அதிமுக. மேட்டூர்க்காரங்க பாத்த போட்டியும் சேலம் டவுன் அம்மாபேட்டைக்காரங்க பாத்த போட்டியும் ஒண்ணே கெடையாது.

இதுல ரொம்ப அடிபடறது ஏற்காடுதாங்க. மலையில இருந்து பாத்தா சேலம் டவுன் முழுசா தெரியும், ஆனா அங்க இருக்கறவங்க ஓட்டு போடறது ரிஷிவந்தியம், சங்கராபுரம் ஆளுங்களோட சேந்து கள்ளக்குறிச்சி எம்பிக்கு. 2024ல அங்க திமுக மலையரசன் 53,784 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு, அத வச்சு ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை மக்கள் என்ன நெனைக்கறாங்கன்னு எப்படிங்க சொல்ல முடியும்? சரி ஏற்காடு சட்டமன்றத் தொகுதி ஓட்ட மட்டும் பிரிச்சுப் பாக்கலாம்னா அதுவும் மலை மட்டும் இல்ல, கீழ வாழப்பாடி பக்கமும் அதுலதான் இருக்கு. மலை கிராமத்துக்காரங்க கொறையும் கோரிக்கையும் தனி, அவங்க ஓட்ட அடுத்தவங்க கணக்குல கரைச்சுட்டுப் பேசறது அநியாயம்னுதான் நான் நெனைக்கறேன்.

அடுத்தது எம்எல்ஏ எலக்சனோட ஒப்பிடறது. 2021ல இந்த 11ல 10 அதிமுக கூட்டணிக்குப் போச்சு, சேலம் வடக்கு மட்டும் திமுக. அதுக்கு முன்ன 2019லயும் பின்ன 2024லயும் நாலு எம்பியும் திமுக கூட்டணி. இதப் பாத்துட்டு ஜனங்க மாத்தி மாத்தி குத்தறாங்கன்னு சொல்றாங்க. 2021ல நம்ம மாவட்டத்துக்காரரு, எடப்பாடி பழனிசாமி, முதல்வரா இருந்துட்டே நின்னாரு, பாமக, பாஜக ரெண்டும் அவரு கூட இருந்துச்சு. 2024ல அந்த ரெண்டும் தனி அணி. ரெண்டு எலக்சன்லயும் ஜனங்க முன்னாடி இருந்த கேள்வியும் வேற கூட்டணியும் வேற.

இப்ப கூட்டிப் பாக்கற தப்புக்கு வருவோம், படிச்சவங்களே பண்றது இது. 2024ல சேலத்துல திமுக செல்வகணபதி 5,66,085, அதிமுக விக்னேஷ் 4,95,728, பாமக சுமார் 1.27 லட்சம். பின்னாடி ரெண்டயும் கூட்டினா சுமார் 6.23 லட்சம் வருது, அப்ப சேந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு முடிச்சுடறாங்க. ஆனா 2019ல ரெண்டு பேரும் சேந்துதானங்க நின்னாங்க? அப்ப அதிமுகவுக்கு விழுந்தது 4,59,376, 2024ல பாமக இல்லாம நின்னு வாங்கினத விடக் கம்மி, தோத்தது 1,46,926 வித்தியாசத்துல. அந்த வருசம் அதிமுகவுல இருந்து பிரிஞ்ச தினகரனோட அமமுக தனியா நின்னுச்சு, மோடி எதிர்ப்பு அலை இருந்துச்சு, காரணம் நெறைய சொல்லலாம், ஆனா ஓட்டுங்கறது ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு ஊத்தற பால் மாதிரி அப்படியே வந்துடாது, கூட்டணி மாறினா சில பேரு வீட்லயே இருந்துடுவாங்க, சில பேரு எதிர்ப்பக்கம் போயிடுவாங்க.

சதவீதத்துலயும் ஏமாந்துடாதீங்க. 2024ல தமிழ்நாட்டுல பாஜக 11.24, காங்கிரஸ் 10.67. அப்ப பாஜக பெருசுன்னு சொல்றதுக்கு முன்ன எத்தன எடத்துல நின்னாங்கன்னு பாக்கணும், பாஜக சின்னத்துல 23 பேரு நின்னு ஒண்ணும் ஜெயிக்கல, காங்கிரஸ் 9ல நின்னு ஒம்போதும் ஜெயிச்சுது. மாநில மொத்த ஓட்டுக்குக் கணக்குப் பண்ற சதவீதம் இது, நிக்காத ஊர்லயும் சேத்துத்தான் வகுக்கறாங்க.

மொத ரெண்டு ரவுண்டு லீடிங்க பாத்துட்டு பட்டாசு வாங்கறது வேண்டாங்க, ஓட்டு மெஷின பூத் நம்பர் வரிசையில எடுக்கறதால ஒரு ஏரியா மொத்தமா மொதல்லயே வந்துடும்.

ஒங்க ஊரு எப்படி ஓட்டு போட்டுச்சுன்னு நெஜமாவே தெரியணும்னா தேர்தல் ஆணையம் போடற ஃபார்ம் 20ஐ டவுன்லோடு பண்ணி பூத் வாரியா பாருங்க, தபால் ஓட்டு அதுல பூத் கணக்குல வராது, தனியாத்தான் இருக்கும், அதனால கூட்டறப்ப மொத்தம் கொஞ்சம் ஒதைக்கும்.