எச்.ஐ.வி. பயம் பிடித்துக்கொண்டால்: முதல் நாளிலிருந்து 90ஆம் நாள் வரை

எட்டு வருடத்துக்கு முன்பு மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு ஈப்போவில் ஒரு பெண்ணுடன் இருந்தேன். ஆணுறை போட்டிருந்தேன். கிழியவில்லை, கழன்று போகவுமில்லை. வீடு திரும்பும் வழியிலேயே பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த ஐந்து மாதத்தில் ஏழு முறை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். ஏழும் நெகட்டிவ். ஏழாவது முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அன்றிரவும் விழித்துக் கிடந்தேன்.

எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இப்போது அதே நிலையில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்திருப்பது இரண்டு விஷயங்கள். கிருமி தொற்றியதா என்பது கேள்வி. அதற்கு இரத்தப் பரிசோதனை பதில் சொல்லும். இன்னொன்று பயம். எத்தனை பரிசோதனை செய்தாலும் அதற்கு அங்கே பதில் கிடைக்காது, அதற்கு வேறு வைத்தியம்.

படி 1: முதலில் மணியைப் பாருங்கள்

ஆணுறை இல்லாமல் நடந்ததா, பாதியில் கிழிந்ததா, விருப்பமில்லாமல் நடந்ததா? 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் மீதியை அப்புறம் படிக்கலாம், இப்போதே கிளம்புங்கள். தொற்றைத் தடுக்க ‘பெப்’ என்னும் மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கேளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் பெப் தரும் தனியார் கிளினிக் எது என்று அங்கேயே விசாரியுங்கள். தேவையா இல்லையா என்று டாக்டர் முடிவு செய்வார். வெட்கப்பட்டுக்கொண்டு திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

படி 2: நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள்

தேதி, நேரம், என்ன நடந்தது, ஆணுறை இருந்ததா. நான்கு வரி போதும். பயம் கூடக் கூட நினைவு மாறும். மூன்றாவது வாரத்தில் ‘ஒருவேளை கிழிந்திருந்ததோ’ என்று எனக்கே சந்தேகம் வந்தது. முதல் நாளே எழுதியிருந்தால் அந்தத் தாளைப் பார்த்திருப்பேன்.

எழுதியதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். எச்.ஐ.வி. இருந்து மருந்து எடுக்காத ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் யோனி வழி உறவு கொள்ளும் ஆணுக்கு, 10,000 முறையில் சுமார் 4 முறை தொற்றும் என்று மதிப்பிடுகிறார்கள். பெண்ணுக்கு ஆணிடமிருந்து என்றால் சுமார் 8. ஆசனவாய் வழி உறவில் வாங்கிக்கொள்பவருக்கு சுமார் 138. இவை சராசரிகள். வேறு பால்வினை நோய், புண் இருந்தால் கூடும். ஆணுறை கடைசிவரை சரியாக இருந்திருந்தால் வெகுவாகக் குறைந்துவிடும். வாய் வழி உறவில் ஆபத்து மிகமிகக் குறைவு. முத்தம், கட்டிப்பிடித்தல், கையால் தொடுதல், ஒரே குவளையில் குடித்தல், கழிப்பறை இருக்கை, கொசு ஆகியவற்றால் பரவாது. மருந்து ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது. இது தம்பதிகளை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வுகளில் உறுதியான விஷயம்.

படி 3: நாட்காட்டியில் இரண்டு தேதி குறியுங்கள்

ஒரு தனியார் கிளினிக்கில் ஐந்தாம் நாளே என்னிடம் இரத்தம் எடுத்துக் காசும் வாங்கினார்கள். அந்த முடிவு அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எதுவும் சொல்லாது, அதற்கு முந்தைய நிலையைத்தான் காட்டும் என்று யாரும் சொல்லவில்லை. கிருமி உடலில் நுழைந்தாலும் பரிசோதனையில் தெரியச் சில வாரம் ஆகும்.

கையில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்றால் 45 நாள். அது வைரஸின் ஒரு துணுக்கையும், உடல் அதை எதிர்த்து உண்டாக்கும் பொருளையும் சேர்த்துத் தேடுகிறது. விரல் நுனியில் குத்தியோ வாயில் தடவியோ செய்யும் உடனடிப் பரிசோதனை என்றால் 90 நாள். உதாரணத்துக்கு, தொழிலாளர் தினமான மே 1 அன்று நடந்திருந்தால் ஜூன் 15, ஜூலை 30. நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45ஆம் நாளுக்குப் பிறகு நெகட்டிவ் என்றால், குறைந்த ஆபத்துள்ள சம்பவத்துக்கு அதுவே முடிவு. பெப் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். டாக்டர் தரும் தேதிதான் அவர்களுக்குத் தேதி.

படி 4: எங்கே போவது

அரசாங்க சுகாதார கிளினிக். நம் ஊரில் எல்லாருக்கும் இருக்கும் தடங்கல் எனக்குப் புரியும். மிசி (நர்ஸ்) அத்தையின் சிநேகிதியாக இருப்பார், காத்திருக்கும் இடத்தில் கோயில் தலைவர் உட்கார்ந்திருப்பார். அப்படியென்றால் கோல கங்சாருக்கோ ஈப்போவுக்கோ போங்கள். பெயர் தராமல் எண்ணை மட்டும் வைத்துப் பரிசோதித்துக்கொள்ளும் ஏற்பாடும் அரசாங்க கிளினிக்குகளில் உண்டு, கேட்டுப் பாருங்கள். சிபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ், புண் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மாதிரிப் பால்வினை நோய்கள் எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாகத் தொற்றுபவை, மருந்தும் உள்ளவை.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கோயில் மண்டபத்து இரத்த தான முகாமில் ‘எப்படியும் டெஸ்ட் செய்வார்கள்’ என்று இரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். தொற்றியிருந்து, பரிசோதனையில் தெரியாத அந்தச் சில நாளில் கொடுத்துவிட்டால், அது ஒரு நோயாளியின் உடம்புக்குள் போகும்.

முதல் பரிசோதனையில் ஏதாவது காட்டினால் அது முடிவல்ல, உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்வார்கள். அதுவும் பாசிட்டிவ் என்றாலும், நம் பெற்றோர் காலத்தில் கேள்விப்பட்ட எய்ட்ஸ் இல்லை இது. 1996க்குப் பிறகு கூட்டு மருந்துகள் வந்துவிட்டன. அரசாங்க மருத்துவமனையில் மலேசியருக்கு முதல்நிலை மருந்து இலவசம். மருந்தைத் தவறாமல் எடுப்பவர்கள் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், தொற்றில்லாத பிள்ளைகளைப் பெறுகிறார்கள்.

படி 5: காத்திருக்கும் 45 நாள்

கஷ்டம் இங்கேதான்.

இரண்டாவது வாரத்தில் எனக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியது. கதை முடிந்தது என்றே நினைத்தேன். அதற்கு நான்கு நாள் முன்பு செம்பனை முள் காலில் ஏறி, உள்ளேயே முறிந்து சீழ் வைத்திருந்தது. காலில் புண் என்றால் நெறி கட்டும், நம் பாட்டிக்குக்கூடத் தெரியும். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. கழுத்தில் ஒரு கட்டியைத் தினமும் நாற்பது முறை அழுத்திப் பார்த்தேன். அழுத்தி அழுத்தியே வலி வந்தது, வலி வந்ததால் மேலும் அழுத்தினேன். போன் விளக்கை வாய்க்குள் அடித்து நாக்கைப் பார்ப்பேன். சாப்பாடு இறங்காததால் எடை குறைந்தது, அதையும் நோயின் கணக்கில் எழுதினேன். இரவு வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு, கை மரத்துப்போதல் எல்லாவற்றையும் பயம் ஒன்றே கொண்டுவரும்.

எச்.ஐ.வி. தொற்றிய சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வரும் என்பது உண்மை. ஆனால் இதே அறிகுறிகள் சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் வரும். சிலருக்கு எதுவுமே வராது. அதனால் அறிகுறியை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தோட்டப் பக்கம் வசிப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டிங்கி, அடுத்தது எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல். எச்.ஐ.வி. நினைப்பில் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு டிங்கியைக் கோட்டைவிடாதீர்கள்.

இனி கைக்கு வேலை. உடம்பைச் சோதிக்கவோ போனில் தேடவோ தோன்றினால், ‘கூடாது’ என்று சொல்லாதீர்கள். பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். அந்த நேரத்தில் எழுந்து ஏதாவது செய்யுங்கள். பாத்திரம் கழுவலாம், மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் போடலாம். பதினைந்து நிமிடத்தில் அந்த உந்துதல் தானாகத் தணிவதைக் கவனிப்பீர்கள். அடுத்த வாரம் அரை மணி நேரம். ஒவ்வொரு முறை தேடிப் பார்ப்பதும் வட்டி முதலையிடம் வாங்கும் கடன் மாதிரி. இன்றைக்கு நிம்மதி, நாளைக்கு இரண்டு மடங்கு.

கவலைப்படவும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். எனக்கு அது மாலை ஏழு மணி, இருபது நிமிடம். பகலில் கவலை வந்தால் ‘ஏழு மணிக்கு’ என்று ஒரு சொல்லில் குறித்து வைப்பேன். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பாதிக்குமேல் சப்பென்று போயிருக்கும்.

அப்புறம், திருமணமானவர்கள் முடிவு வரும் வரை வீட்டிலும் ஆணுறை பயன்படுத்துங்கள்.

படி 6: ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

நான் கூட லோரி ஓட்டும் ஓர் அண்ணனிடம் ஒட்டுக்கடையில் வைத்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “சரி தம்பி, டெஸ்டு என்னிக்கு?” மூன்று வாரத்தில் அன்றுதான் சோறு முழுதாகச் சாப்பிட்டேன். ஆனால் அதே ஆளிடம் தினமும் ‘எனக்கு வந்திருக்காதுதானே’ என்று கேட்காதீர்கள். அதுவும் நெறியை அழுத்திப் பார்ப்பது போலத்தான்.

என் பயத்தில் பாதி கிருமியைப் பற்றியதே இல்லை என்பது அவரிடம் பேசும்போதுதான் தெரிந்தது. அம்மன் தண்டிக்கப் போகிறாள் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். செய்தது தப்பு என்று மனம் உறுத்தினால் அதைப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் வேறு. ஆய்வுக்கூடம் மன்னிப்பு தராது.

படி 7: நெகட்டிவ் வந்த பிறகும் பயம் போகவில்லை என்றால்

சரியான நாளில் எடுத்த முடிவு நெகட்டிவ். அதன் பிறகும் இன்னொரு பரிசோதனை கேட்கிறது மனம். அதற்கு இரத்தம் கொடுக்காதீர்கள், இது பதற்ற நோய். இதற்கும் கிளினிக்கில் டாக்டர் உண்டு, ஆலோசனை உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. தூக்கமில்லாமல் வண்டி ஓட்டுபவர்கள் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். நான் ஒரு விடியற்காலை லோரியைச் சாக்கடை விளிம்புவரை கொண்டுபோயிருக்கிறேன். செத்துவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே பேசுங்கள்: சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, இரவு முழுக்க ஆள் இருக்கும் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, உடனடி ஆபத்தென்றால் 999.

எட்டாவது பரிசோதனைக்கு நான் போன அரசாங்க கிளினிக்கில் டாக்டரம்மா இரத்தம் எடுக்கவில்லை. ஏழு தாளையும் பார்த்துவிட்டு, “எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?” என்று கேட்டார். மனநல ஆலோசனைக்குச் சீட்டு எழுதித் தந்தார். போனேன். இரண்டு மாதம் இருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, அன்று காலையிலிருந்து ஒரு முறைகூடக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.