ஜெர்மனியின் கிராமத்துக் குடும்ப விடுதியில் முதன்முறை தங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

தென்மேற்கு ஜெர்மனியில், பிளாக் ஃபாரஸ்ட் என்று நம்மில் பலர் அறிந்திருக்கும் ஷ்வார்ஸ்வால்ட் மலைப்பகுதியில், கின்ஸிக் ஆற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டி ஹவுஸாக், வொல்ஃபாக், ஷில்டாக், குடாக் போன்ற சிற்றூர்கள் இருக்கின்றன. இவ்வூர்களில் ஒரே குடும்பத்தினர் தலைமுறைகளாக நடத்திவரும், சில அறைகள் மட்டுமே கொண்ட விடுதிகளைக் காணலாம். அறையைச் சுத்தம் செய்பவர், காலையில் முட்டை அவிப்பவர், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுபவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். இரவு முழுவதும் வரவேற்பு மேசையில் ஆள் இருக்கும் பெரிய ஓட்டல்களில் தங்கிப் பழகியவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே எதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏறக்குறைய எல்லாம் கிடைக்கும்; கடைசி நேரத்தில் கேட்டால் எளிய உதவிகூடக் கடினமாகிவிடும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த அடிப்படையில் எழுதப்பட்டவை.

படி 1: எந்த வகை விடுதி என்று தெரிந்துகொள்ளுங்கள்

காஸ்ட்ஹோஃப் என்ற பெயர்ப்பலகை இருந்தால், கீழ்த்தளத்தில் உணவகமும் மேல்தளத்தில் அறைகளும் இருக்கும். பென்சியோன் என்றாலோ, பெயருடன் கார்னி என்று சேர்த்திருந்தாலோ, அறையும் காலை உணவும் மட்டுமே கிடைக்கும். இரவு உணவுக்கு வெளியே செல்ல வேண்டும். ஃபெரியன்வோனுங் என்பது சமையலறையுடன் கூடிய தனி வீடு அல்லது வீட்டின் ஒரு பகுதி. கைக்குழந்தையுடன் செல்வோருக்கும், முட்டைகூடச் சேர்க்காத சைவ உணவுக்காரர்களுக்கும் நான் இந்த மூன்றாம் வகையையே பரிந்துரைப்பேன். மற்றவர்கள் முதல் பயணத்தில் காஸ்ட்ஹோஃப் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏனெனில், மழை பெய்யும் இரவில் உணவுக்காக அலைய வேண்டியிருக்காது.

தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் விடுதியின் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஷ்வார்ஸ்வால்டில் பல பண்ணை வீடுகள் ஊர் நடுவில் இல்லாமல் மலைச்சரிவுகளில் தனித்தனியாக அமைந்தவை. முகவரியில் ஊரின் பெயர் இருந்தாலும், ரயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவு செங்குத்தாக ஏற வேண்டியிருக்கலாம். கார் இல்லாதவர்கள் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கும் விடுதியையே பார்ப்பது நல்லது.

படி 2: எழுதிக் கேட்டு, உறுதிசெய்யுங்கள்

முன்பதிவுத் தளங்களில் இடம்பெறாத விடுதிகள் இன்னும் நிறைய உள்ளன. அந்தந்த ஊரின் சுற்றுலா அலுவலக இணையதளத்தில் அவற்றின் பட்டியல் இருக்கும். அங்கிருந்து முகவரியை எடுத்து நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம். வரும் நாள், புறப்படும் நாள், எத்தனை பேர், குழந்தைகளின் வயது, வந்து சேரும் உத்தேச நேரம், உணவுக் கட்டுப்பாடு, பணம் செலுத்தும் முறை ஆகிய அனைத்தையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் போதும். எளிய ஜெர்மனில் மொழிபெயர்த்து இணைத்தால் பதில் விரைவாக வரும். கடிதத்தை ஹலோ என்று தொடங்காமல், குடும்பப் பெயருக்கு முன்னால் ஃப்ராவ் (பெண்ணுக்கு) அல்லது ஹெர் (ஆணுக்கு) சேர்த்து அழைப்பதே அங்குள்ள மரியாதை.

விலையைப் படிக்கும்போது கவனம் தேவை. பல சிறு விடுதிகள் அறைக்கான மொத்தக் கட்டணத்தைக் குறிப்பிடாமல், ஒருவருக்கு ஓர் இரவுக்கான கட்டணத்தையே எழுதுகின்றன. 45 யூரோ என்று இருந்தால், இருவருக்கு அது 90 யூரோ ஆகிவிடும். ஒரே ஓர் இரவு மட்டும் தங்குவோரிடம் கூடுதல் தொகை கேட்பதும் வழக்கம். ஓர் இரவு தங்கினாலும் பல இரவுகள் தங்கினாலும் விரிப்புகளைத் துவைத்து, அறையை முழுவதுமாகச் சுத்தம் செய்யும் வேலை ஒன்றே என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. மூன்று இரவுகளாவது தங்கும்படி திட்டமிடுவது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

விடுதியிலிருந்து உறுதிக் கடிதம் வந்து, நீங்களும் ஒப்புக்கொண்டுவிட்டால், ஜெர்மன் சட்டப்படி அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இலவசமாக ரத்து செய்யலாம் என்று தனியே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தாலன்றி, நீங்கள் வராவிட்டாலும், அவர்களுக்கு மிச்சமாகும் செலவைக் கழித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்வோர் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். ஆகவே, விசா கிடைக்கும் முன் பதிவு செய்பவர்கள், விசா மறுக்கப்பட்டால் கட்டணமின்றி ரத்து செய்யலாமா என்று எழுத்தில் கேட்டு ஒப்புதல் பெறுங்கள். பயணிகள் அனைவரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே உறுதிக் கடிதத்தில் இருக்கட்டும்.

படி 3: சென்று சேரும் வழியைத் திட்டமிடுங்கள்

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலேயே நெடுந்தூர ரயில் நிலையம் உள்ளது. அங்கிருந்து ஆஃபென்பூர்க் வரை விரைவு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அதன்பின் 1873 ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட ஷ்வார்ஸ்வால்ட் ரயில் பாதையில் ஹவுஸாக் வரை சென்று, அங்கே மாறினால் வொல்ஃபாக்குக்கும் ஷில்டாக்குக்கும் போகலாம்.

ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் செல்ல வேண்டியிருந்தால், கால அட்டவணையை நாள் குறிப்பிட்டுப் பாருங்கள். பல கிராமப் பேருந்துகள் பள்ளி நாட்களில் மட்டுமே ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேவை மிகக் குறைவு. அட்டவணையில் ரூஃப்புஸ் என்று குறிப்பிட்டிருந்தால், முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்துப் பதிவு செய்தால்தான் அந்த வண்டி வரும். நிறுத்தத்தில் காத்திருப்பதால் பயனில்லை.

ரயில் தாமதமானால் உடனே விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவர் எட்டு மணி வரை வராவிட்டால், அடுப்படி வேலைக்கு நடுவே வாசலையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்படும். சொல்லிவிட்டால், சாவியை எங்கே வைத்திருப்பார்கள் என்பதை உங்களுக்குத் தெரிவித்துவிடுவார்கள்.

படி 4: வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியவை

ஜெர்மானியக் குடிமக்களுக்கு விடுதிப் பதிவுப் படிவம் 2025 ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டவருக்கு அது இன்றும் உண்டு. கடவுச்சீட்டைக் காட்டி, படிவத்தில் கையொப்பமிட வேண்டும். பல சுற்றுலா ஊர்களில் கூர்டாக்ஸ் என்ற உள்ளூர் வரியும் ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும். இது அறைக் கட்டணத்தில் சேராத தனித்தொகை. விடுதிக்காரர் அதை ஊராட்சிக்குச் செலுத்துகிறார்.

இந்த வரிக்கு ஈடாகக் கிடைப்பது விருந்தினர் அட்டை. ஷ்வார்ஸ்வால்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் கோனுஸ் என்ற திட்டத்தில் சேர்ந்துள்ளன. அவற்றில் தங்குவோர், அந்த அட்டையைக் காட்டி அப்பகுதியின் பேருந்துகளிலும் உள்ளூர் ரயில்களிலும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். அதிவேக ரயில்களுக்கு இது செல்லாது. அட்டையை அவர்கள் தர மறந்தால் கேட்டு வாங்குங்கள். அதைக் கொண்டு முதலில் குடாக்கில் உள்ள ஃபோக்ட்ஸ்பவுவர்ன்ஹோஃப் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. 1612 ஆம் ஆண்டு கட்டப்பட்ட பண்ணை வீட்டை மையமாகக் கொண்டு 1964 இல் தொடங்கப்பட்ட இடம் அது. மனிதர், மாடு, வைக்கோல் அனைத்தும் ஒரே பெரிய கூரைக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், நீங்கள் தங்கியுள்ள பழைய வீட்டின் தாழ்ந்த உத்தரமும் அகன்ற கூரையும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும்.

அறைச் சாவியுடன் வெளிக்கதவின் சாவியும் தருவார்கள். இரவில் வெளிக்கதவு பூட்டப்பட்டுவிடும் என்பதால், சிறிது நேரம் நடந்துவரப் போனாலும் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 5: அறையைப் பயன்படுத்தப் பழகுங்கள்

ஜன்னலின் கைப்பிடியை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் ஜன்னல் பூட்டியிருக்கிறது. கிடைமட்டமாகத் திருப்பினால் கதவைப் போல உட்புறம் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் மேற்பகுதி மட்டும் உட்புறமாகச் சாய்ந்து, காற்று வர இடம் விடும். ஜன்னல் பாதி திறந்த நிலையில் கைப்பிடியை வலுவாகத் திருப்பினால், சட்டம் ஒரு மூலையில் மட்டும் மாட்டிக்கொண்டு கழன்று விழுவதைப் போலத் தோன்றும். பதற்றம் வேண்டாம், ஜன்னலைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்து, கைப்பிடியை மெதுவாகத் திருப்பினால் சரியாகிவிடும். எந்த நிலையிலும் முதலில் ஜன்னலை முழுவதும் மூடி, அதன்பின் கைப்பிடியைத் திருப்புவதே முறை.

குளிர்காலத்தில் ஹீட்டர் குழாயில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி. ஹீட்டரை முழுவதும் திறந்து வைத்துவிட்டு ஜன்னலையும் நாள் முழுவதும் சாய்த்து வைப்பது அவர்களுக்கு மிகுந்த மனவருத்தம் தரும். காலையில் ஐந்து நிமிடம் ஜன்னலை நன்றாகத் திறந்து, பின் மூடிவிடுவதே அங்குள்ள பழக்கம். கோடையில் ஏ.சி. இருக்காது, பழைய வீடுகளில் லிஃப்ட்டும் இருக்காது. பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு குறுகிய மரப்படிகளில் ஏற வேண்டியிருக்கலாம்.

குளியலறையில் வாளியும் குவளையும் இருக்கமாட்டா. ஷவர் பகுதிக்கு வெளியே தரையில் தண்ணீர் வடியும் வழி பெரும்பாலும் இல்லை. மரத் தளத்தின்மீது கட்டப்பட்ட அறையாக இருந்தால், சிந்தும் தண்ணீர் கீழ் அறையின் கூரையில் கறையாகிவிடும். திரையையோ கண்ணாடிக் கதவையோ நன்றாக மூடிக்கொண்டு குளித்து, வெளியே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரே பாதுகாப்பானது. அறையில் மின்னடுப்பு வைத்துச் சமைப்பதும், தாளிப்பதும் கூடவே கூடாது. இரவில் பால் காய்ச்சவோ வெந்நீருக்கோ கெட்டில் வேண்டுமென்றால் கேளுங்கள். பெரும்பாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள்.

படி 6: காலை உணவு

உணவு நேரத்தை முதல் நாள் மாலையே கேட்டு, நீங்கள் எப்போது வருவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பல விடுதிகளில் காலை எட்டு முதல் பத்து மணி வரை என்பது வழக்கம். உணவு அறைக்குள் நுழைந்ததும், தெரியாதவர்களாக இருந்தாலும், ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்களைப் பார்த்து குட்டன் மோர்கன் (காலை வணக்கம்) என்று சொல்ல வேண்டும். பேசாமல் போய் உட்காருவது அங்கே மரியாதைக் குறைவு. உங்களுக்கான மேசையில் பெயரோ அறை எண்ணோ வைத்திருப்பார்கள். தங்கும் நாட்கள் முழுவதும் அதுவே உங்கள் மேசை.

கூடையில் அன்று காலை சுட்ட சிறு ரொட்டிகள் இருக்கும். பக்கத்தில் வெண்ணெய், வீட்டிலேயே செய்த ஜாம், தேன், பாலாடைக்கட்டி, புகையில் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டுகள். இறைச்சியும் பாலாடைக்கட்டியும் ஒரே தட்டில் வருவதுண்டு. சைவர்கள் முந்தைய நாளே சொல்லிவிட்டால் தனித்தட்டு கிடைக்கும். அவித்த முட்டை சிறு கிண்ணத்தில் செங்குத்தாக நிற்கும், சூடு ஆறாமலிருக்கத் துணித்தொப்பியும் அணிந்திருக்கும். கரண்டியால் மேல் ஓட்டைத் தட்டி உடைத்து, அந்தக் கிண்ணத்திலேயே வைத்து உண்பார்கள். மதியத்துக்கென்று ரொட்டியை எடுத்துச் செல்ல விரும்பினால் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டால் சிறு தொகைக்குக் கட்டித் தருவார்கள்.

படி 7: இரவு உணவும் ஓய்வு நாளும்

கிராம உணவகங்களில் சமையலறை இரவு எட்டு மணி அளவில் மூடிவிடும். கடை திறந்திருந்தாலும் சூடான உணவு கிடைக்காது. வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாட்கள் ரூஹெடாக் என்ற ஓய்வு நாள் உண்டு. நீங்கள் வந்திறங்கும் நாள் அந்த நாளாக இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். உள்ளே சென்றதும் ஷ்டம்டிஷ் என்ற பலகை வைத்த மேசையைத் தவிர்த்துவிடுங்கள். அது ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கூடும் இடம்.

சைவ உணவில் கேஸெஷ்பெட்ஸ்லெ என்ற, பாலாடைக்கட்டி சேர்த்த நூடுல்ஸ் வயிறு நிறைக்கும். அதில் முட்டை உண்டு. உருளைக்கிழங்கு வறுவலில்கூடப் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பது வழக்கம் என்பதால், வெறுமனே சைவம் என்று சொல்லாமல், ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக் என்று சொல்லுங்கள். இறைச்சியும் வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று அவர்களுக்கு ஐயமின்றிப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம் திறக்கலாம். குழந்தைக்குத் தேவையான பால், பழம், மருந்து எல்லாவற்றையும் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. மரத் தளத்தில் நடை ஒலிகூடக் கீழே கேட்கும் என்பதால், ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசுவோர் காதொலிக் கருவியைப் பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் போட மென்செருப்பும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 8: கணக்குத் தீர்த்துப் புறப்படுதல்

பல சிறு விடுதிகள் ரொக்கத்தையோ ஜெர்மன் வங்கி அட்டையையோ மட்டுமே ஏற்கின்றன. வெளிநாட்டுக் கிரெடிட் கார்டு செல்லாமல் போகலாம்; கிராமத்தில் ஏ.டி.எம். இல்லாமலும் இருக்கலாம். ஆகவே தங்கும் செலவுக்கான யூரோ நோட்டுகளை நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை முந்தைய நாள் மாலையில் தீர்ப்பதே இருவருக்கும் வசதி. புறப்படும் காலையில் அவர்கள் உணவு பரிமாறிக்கொண்டிருப்பார்கள். உணவகப் பில்லுக்கு ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை சேர்த்து, கொடுக்க விரும்பும் மொத்தத் தொகையைச் சொல்லியே பணத்தைத் தருவது வழக்கம். அறையைச் சுத்தம் செய்பவருக்குச் சில யூரோ நாணயங்களை மேசைமேல் வைக்கலாம்.

நீங்கள் வாங்கிய குளிர்பானப் பாட்டில்களைக் குப்பையில் போட வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் பத்து மணி. ரயில் பிற்பகலில்தான் என்றால், பெட்டிகளை விட்டுச் செல்ல முந்தைய நாளே இடம் கேட்டு வையுங்கள். இரண்டு சாவிகளையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். கோனுஸ் அட்டை புறப்படும் நாளன்றும் செல்லும் என்பதால், ஆஃபென்பூர்க் வரை உள்ளூர் ரயிலுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை.