கனவில் யானை துரத்தினால்

கண் விழித்ததும் உடனே எழுந்திருக்காதீர்கள். போனை எடுத்து மணி பார்த்தாலும் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிப் பேசினாலும் கனவில் பாதி போய்விடும். பயந்த கனவு மறந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். கனவில் நடந்ததுதான் மறக்கும், பயம் பகல் முழுக்கக் கூடவே வரும். அதனால் ஒரு நிமிடம் அப்படியே கிடந்து யோசித்துவிட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். என்ன விலங்கு, எந்த இடம், அது என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். கடைசியாகக் கேட்டதைத்தான் யாரும் சொல்வதில்லை. "பாம்பு வந்துச்சு சிஸ்டர்" என்பார்கள். சரி, வந்துச்சு, நீங்க என்ன பண்ணீங்க என்றால் முழிப்பார்கள்.

நான் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் கிராம சுகாதாரச் செவிலியர். இருட்டோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளாவுக்கு ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறவர்கள். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினால் போதும், தூக்கமே இல்லை என்று ஆரம்பித்துக் கனவில் வந்து நிற்பார்கள்.

எங்கள் ஊரில் எல்லாக் கனவுக்கும் பலன் தயாராக இருக்கும். பாம்பு துரத்தினால் குலதெய்வத்துக்கு ஏதோ பாக்கி. கடித்துவிட்டால் பீடை விலகியது. யானை துரத்தினால் பிள்ளையாருக்கு நேர்ந்தது நிற்கிறது. ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறவரை நான் ஏன் தடுக்கப் போகிறேன்? தேங்காய் உடைத்த பிறகும் அதே கனவு வந்தால், பரிகாரம், தகடு என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவரிடம் போவதற்கு முன் நான் சொல்வதைச் செய்து பாருங்கள்.

அந்த விலங்கு உங்கள் அன்றாடத்தில் நிஜமாகவே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டவுனில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் யானை என்றால் மேலதிகாரி, பாம்பு என்றால் துரோகி என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் பக்கம் யானை பெரும்பாலும் யானைதான். கேரளாவின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, 2023 மே 27 அன்று கம்பம் தெருக்களுக்குள் ஓடியது. ஊருக்கு 144 போட்டார்கள். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கப்புறமும் எங்கள் பிள்ளைகளின் கனவில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதில் மறைபொருள் தேட என்ன இருக்கிறது? ஏலச்செடித் தூருக்குள் கையை விட்டுக் காய் எடுக்கிறவருக்கு விரியன் கனவில் வந்தாலும் அப்படித்தான். கனவு என்பது ஆபத்துக்கு மூளை நடத்திப் பார்க்கும் ஒத்திகை என்று ஃபின்லாந்து ஆய்வாளர் ஆன்ட்டி ரெவோன்சுவோ 2000-இல் எழுதினார். எல்லா ஆய்வாளர்களும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஏலக்காட்டுப் பெண்களின் கனவுகளைக் கேட்கிற எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. இந்த வகைக் கனவுக்கு மருந்து பகலில் இருக்கிறது. முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். கை விடும் முன் கம்பால் தூரைத் தட்டுங்கள். பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

அப்புறம், கால் நகராத விஷயம். "ஓடணும்னு நினைக்கிறேன், கால் வர மாட்டேங்குது" என்று சொல்லாதவர் கிடையாது. அதை வைத்து நீங்கள் கோழை என்றோ யாரோ கட்டு கட்டிவிட்டார்கள் என்றோ முடிவு கட்ட வேண்டாம். உறக்கத்தில் கண்விழிகள் இமைக்குள் வேகமாக ஓடும் ஒரு கட்டம் உண்டு. 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு பேர் அதை வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் அதிகம் வருவது அப்போதுதான். லைன் மேன் கம்பத்தில் ஏறும் முன் ஃபியூஸைப் பிடுங்கி வைப்பதுபோல, அந்த நேரத்தில் மூளை கைகால் தசைகளை நிறுத்தி வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து சுவரில் முட்டிக்கொள்வார். விழிப்பு வந்தும் சில நொடி தசை விடுபடாமல் இருந்தால், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வது அதைத்தான். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, ஒரே ஒரு விரலை அசைக்கப் பாருங்கள்.

கண்விழிகள் ஓடும் அந்தக் கட்டத்தில் பயத்தைக் கவனிக்கிற அமிக்டலா என்ற மூளைப் பகுதி சுறுசுறுப்பாகவும், நிதானித்து யோசிக்கிற முன்மூளை மந்தமாகவும் இருக்கும். அதனால்தான் அடுப்படியில் புலி நிற்கும்போது இது எப்படி உள்ளே வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. இரவு முடிய முடிய இந்தக் கட்டம் நீளும். ஜீப்புக்காக நாலு மணிக்கு அலாரம் வைக்கிறவர்கள் அதன் நடுவில் எழுகிறார்கள், கனவு அப்படியே நினைவில் நிற்கிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற பேச்சே இதிலிருந்து வந்திருக்கும் என்பது என் கணக்கு.

இதையெல்லாம் கழித்த பிறகும் திரும்பத் திரும்ப வருகிற கனவில், விலங்கைவிட உங்களைக் கவனியுங்கள். ஓடினீர்களா, உறைந்து நின்றீர்களா, ஒளிந்தீர்களா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டீர்களா? ஒரு அக்காவுக்கு நாய்க் கனவு. தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர், நாய்க்குப் பயப்படுகிற ஆளே இல்லை.

"குரைச்சாக்கூடப் பரவால்ல சிஸ்டர். வாசப்படியில சும்மா உக்காந்துக்கிட்டு என்னையவே பாக்குது."

"நீங்க?"

"உள்ளுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு, சத்தம் காட்டாம நின்னேன்."

என்றைக்கு வருகிறது என்று கேட்டேன். குழுக் கடன் தவணை வாங்க ஆள் வருவதற்கு முந்தின ராத்திரி. தவணைக்குப் பணம் இல்லாத அன்றைக்கு அவர் செய்வதும் அதுதான். டிவியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நிற்பார். நாய் என்றால் கடன் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வீட்டுக்காரிக்கு அதே நாய் வேறு எதற்கோ வரலாம். சாத்திய கதவுதான் அவருடையது.

அப்படி ஒரு கனவு பிடிபட்டால் அதைத் திருத்தி எழுதலாம். அமெரிக்க மருத்துவர் பேரி கிராகோவ் குழுவினர், வன்கொடுமைக்கு ஆளான பெண்களிடம் இந்த முறையைச் சோதித்து, கெட்ட கனவுகள் குறைந்ததை 2001-இல் வெளியிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கனவின் ஏதாவது ஒரு இடத்தை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றுங்கள். விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை. அந்த அக்கா மாற்றியது இதைத்தான்: கதவைத் திறக்கிறார், "போ அங்கிட்டு" என்கிறார், நாய் எழுந்து மாட்டுக் கொட்டத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. புதுக் கதையைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். பழைய கனவை ஓட்டாதீர்கள். தொடக்கத்தில் மிக மோசமான கனவை எடுக்காமல் லேசான ஒன்றை எடுங்கள். நாய் கொட்டத்துக்குப் போனாலும் தவணை அப்படியேதான் இருக்கும். அதற்கு அவர் குழுத் தலைவியிடம் போய்த் தேதி கேட்க வேண்டியிருந்தது.

சில கனவுகளுக்கு அர்த்தமும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். காய்ச்சலில் வருவது காய்ச்சல் போனால் போய்விடும். பிரஷருக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கெட்ட கனவு தரும். புதிதாக மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் கனவு வந்தது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் குடித்தவர் திடீரென்று விட்டாலும் கனவு கொட்டும். கூடவே கைநடுக்கமும் குழப்பமும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஐம்பது தாண்டியவர் கனவில் மாட்டை உதைக்கிறேன் என்று நிஜமாகவே பக்கத்தில் இருப்பவரை உதைத்தால், தசையை நிறுத்தி வைக்கும் வேலை பழுதாகியிருக்கலாம். நரம்பு டாக்டரைப் பார்ப்பது அவசியம். படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலறி உட்கார்ந்து, காலையில் எதுவும் நினைவில்லை என்கிற குழந்தைக்கு வந்தது பெரும்பாலும் கனவே இல்லை, இரவு அலறல். உலுக்கி எழுப்பாமல், கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தூங்கவே பயமாக இருக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை, கண்ணால் பார்த்த ஒரு சாவு கனவில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் இருக்கிறது: டெலி மானஸ், 14416. காசு கிடையாது, தமிழில் பேசலாம். மேலே இடுக்கிப் பக்கம் எஸ்டேட்டிலேயே தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கும் அதே எண்தான்.