பினாங்கு வந்த புதிதில் டின் மீன் வாங்குவது எப்படி

மலேசியாவின் பினாங்கில் வந்து இறங்கிய முதல் மாதம் பலருக்கும் ஒரே மாதிரிதான் போகும். பாயான் லெப்பாஸ் பக்கம் ஓர் அறை, அதில் ஒரு ரைஸ் குக்கர், கையில் எண்ணி வைத்த ரிங்கிட். ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் பசாரில், அதாவது சந்தையில், மீன்கடைகளைக் கழுவி மூடியிருப்பார்கள். அப்போது கை போவது டின் மீன் பக்கம்தான். இங்கே அதைச் 'சாடின்' என்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லார் வீட்டு அலமாரியிலும் இரண்டு டின்னாவது இருக்கும். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி சாடின் கேட்டால் உள்ளே வைத்துத் தருவதும் இதே மீன்தான்.

இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு டின் மீன் புதிதல்ல. தமிழ்நாட்டிலிருந்து வரும் நமக்குத்தான் தயக்கம். நான் நாகப்பட்டினத்துக்காரன். கரையில் வலை உதறுவதைப் பார்த்து வளர்ந்தவன். டின்னில் இருப்பதெல்லாம் பழைய மீன், கெடாமல் இருக்க மருந்து போட்டிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தவறு. மீனை டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அதன்பிறகு பெரிய பிரஷர் குக்கர் போன்ற கலனில் 115 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஆபத்தான கிருமிகள் செத்துவிடும். மூடி இறுக்கமாக இருப்பதால் வெளியிலிருந்து புதிதாக எதுவும் நுழையாது. மீனைக் காப்பது இந்தச் சூடும் இந்த மூடியும்தான். அதற்கென்று தனியாக மருந்து தேவையில்லை.

அதனால்தான் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் டின்னைத் தடவிப் பாருங்கள் என்று புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். மேல் மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு மடிந்து ஓடும். ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். வழுவழுவென்று போக வேண்டும். எங்காவது விரல் பள்ளத்தில் இறங்கினாலோ, கூராக எதுவும் தட்டினாலோ அந்த டின் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போதும், கிருமி உள்ளே போய்விடும். டின்னின் வயிற்றுப் பகுதியில் லேசாக, மழுங்கலாக நசுங்கியிருந்தால் பயமில்லை. விரல் போய் உட்காரும் அளவு ஆழமான நசுங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். உப்பியிருந்தாலும், அழுத்தும்போது 'டொக்' என்று உள்ளே போய்த் திரும்பி வந்தாலும் எடுக்காதீர்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் டின் சீக்கிரம் துருப்பிடிக்கும். விரலால் தேய்த்தால் போகிற துரு பரவாயில்லை, அரித்துக்கொண்டு போயிருக்கும் துரு ஆகாது.

வந்த புதிதில் ஒரு கடையில் நசுங்கிய டின்களைக் கூடையில் கொட்டிப் பாதி விலைக்கு விற்றார்கள். ஆறு டின் அள்ளி வந்தேன். நான்காவது டின்னில் ஓட்டை விழுந்த உடனே சாறு சீறிக்கொண்டு சட்டையெல்லாம் தெறித்தது. புளித்த நாற்றம். ருசி பார்க்காமல் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன், மீதி இரண்டையும் சேர்த்தே போட்டேன். இப்படிப்பட்ட டின்னை நுனிநாக்கில் வைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சு மணமோ சுவையோ காட்டாமலும் இருக்கும்.

சரி, எந்த மீனை எடுப்பது? முள்ளோடு இருக்கிற சின்ன மீன் என்பதே என் பதில். சார்டின் நம் மத்தி, சாளை வகை. டின்னின் சூட்டில் அதன் முள் சுண்ணாம்புக் கட்டி போல மென்மையாகிவிடும், இரண்டு விரலுக்கு இடையில் வைத்து அழுத்தினால் பொடிந்துவிடும். அந்த முள்ளைப் பொறுக்கி எடுத்துத் தட்டோரம் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. தக்காளிச் சாற்றில் போட்ட சார்டின் 100 கிராமில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு டம்ளர் பாலில் இருக்கும் அளவு. அதில் பெரும்பகுதி முள்ளில்தான் இருக்கிறது. பால் குடிக்காதவர்களுக்கு இது பெரிய வரம். ஒமேகா 3 கொழுப்பு, பி12, வைட்டமின் டி எல்லாம் கூடவே கிடைக்கும்.

மேக்கரல் என்று எழுதியிருப்பது நம் கானாங்கெளுத்தியின் உறவுக்கார மீன். விலை குறைவு, சத்தும் நல்லதுதான். 2018இல் மேக்கரல் போன்ற டின் மீன்களில் செத்த புழுக்கள் இருந்ததாக மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெரிய பரபரப்பு எழுந்தது. கடல்மீனில் இயற்கையாகவே இருக்கும் புழு அது. டின்னின் சூட்டில் செத்துவிடும், ஆனாலும் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். திறந்ததும் ஒரு தட்டில் கொட்டி, மீனைப் பிளந்து பார்த்துவிட்டுச் சமைப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

தூனா என்பது சூரை. புரதம் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்வதால் பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சாதாரணமாகக் கிடைக்கிற ஸ்கிப்ஜாக் தூனாவில் அளவு குறைவு. ஆல்பகோர் என்ற வெள்ளைத் தூனாவில் அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டாரும் ஆல்பகோரை விட்டு, சார்டினை எடுப்பது நல்லது. யூரிக் ஆசிட் தொல்லை உள்ளவர்கள் மட்டும் சார்டினையே அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வரிசையில் உங்கள் கண்ணில் முதலில் படுவது சேவல் படம் போட்ட டின்னாக இருக்கலாம். பெயரில் 'ஆயாம்' என்று இருக்கும். மலாயில் ஆயாம் என்றால் கோழி. என் அறைத்தோழர் ஒருவர் அது கோழி டின் என்று நினைத்து மாதக்கணக்கில் தொடவில்லை. ஆயாம் என்பது நிறுவனத்தின் பெயர், 1892இல் சிங்கப்பூரில் தொடங்கிய பழைய வியாபாரம். உள்ளே இருப்பது என்ன என்று தெரிய, பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் மீனின் பெயரைப் படியுங்கள்.

லேபிளில் நாலைந்து மலாய்ச் சொற்கள் தெரிந்தால் போதும். 'ராமுவான்' என்றால் சேர்மானங்கள், எது அதிகமோ அது முதலில் வரும். மீன் முதலில் இருக்க வேண்டும். 'காராம்' உப்பு, 'கூலா' சர்க்கரை. கூலா என்று மலாயில் இருப்பது தக்காளிச் சாறு டின்களில் அடிக்கடி வரும், நீரிழிவுக்காரர்கள் கவனியுங்கள். 'பெராட் பெர்சே' நிகர எடை, அதாவது டின் நீங்கலாக மீனும் சாறும் சேர்ந்த எடை, 'பெராட் தோஸ்கான்' சாற்றை வடித்தபின் இருக்கும் எடை. இது எழுதியிருந்தால் இதை வைத்தே விலையை ஒப்பிடுங்கள், இல்லையென்றால் சாறுக்குத்தான் காசு கொடுப்பீர்கள். 'தாரிக் லுபுத்' காலாவதி நாள், பெரும்பாலும் மூடியிலோ அடியிலோ அச்சடித்திருக்கும்.

உப்பைச் சோடியம் அல்லது நாத்ரியும் என்று போட்டிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது. 100 கிராமுக்கு 400 என்று போட்டிருந்தால், 155 கிராம் சின்ன டின்னைத் தனியாகத் தின்றால் 620 உள்ளே போய்விடும். அதனால் சமைக்கும்போது உப்பே போட வேண்டாம். உப்புத்தண்ணீரில் ஊறிய தூனாவை வடித்து, ஒரு முறை அலசிக்கொள்ளுங்கள்.

திறந்த பிறகுதான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஒரு தம்பி இரவில் தூனா டின்னைத் திறந்து பாதி தின்றுவிட்டு, மீதியை மேசையிலேயே வைத்துவிட்டார். காலையில் அதை ரொட்டியில் வைத்துத் தின்று அரை மணி நேரத்தில் முகம் ரத்தச் சிவப்பாகி, நெஞ்சு படபடத்து, தலை வெடிக்கும் வலி. கிளினிக்கில் ஒவ்வாமை மருந்து கொடுத்ததும் தணிந்தது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வகைகளைத் திறந்து வெளியே வைத்தால், கிருமிகள் இந்தத் தொல்லையைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு போலச் சுரீர் என்றால் துப்பிவிடுங்கள். மிச்சமானதை உடனே கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். டின்னோடு வைக்காதீர்கள், தக்காளிப் புளிப்பு உலோகத்தைத் தின்னும்.

டின் மீன் தின்ற சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலும், இமை தொங்கினாலும், பேச்சு குழறினாலும், விழுங்க முடியாவிட்டாலும் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். டின்னைத் தூக்கி எறியாமல் பையில் கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு உதவும்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான்: சட்டியில் கொஞ்சம் எண்ணெய், நிறைய வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை. வெங்காயம் சிவந்ததும் சாடினைச் சாற்றோடு கொட்டி, முள்ளைக் கரண்டியால் மசித்து, நன்றாகக் கொதிக்க விடுவேன். இறக்கியபின் இங்கே பசாரில் கிடைக்கிற குட்டி எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி, இரண்டைப் பிழிந்துவிடுவேன். சூடான சோற்றுக்கு அது போதும்.