வீட்டுக் கணக்கிலிருந்து தோட்டக் கணக்கைப் பிரித்தெடுப்பது எப்படி?

ஏற்காட்டில் நான்கைந்து ஏக்கர் காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளும் வைத்துக்கொண்டு சேலத்தில் குடியிருப்பவர்களில் பலர், வீட்டுச் செலவையும் தோட்டச் செலவையும் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து செய்து, இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதிவருகிறார்கள். நானும் குனூகேஷ் (GnuCash) என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிவந்தேன். காப்பிப் பழத்தை அப்படியே விற்கும் வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் விளைந்ததை நாமே பதப்படுத்தி விற்றால் அந்த வருமானத்தில் 25 விழுக்காடும், வறுத்து அரைத்து விற்றால் 40 விழுக்காடும் வரிக்கு உட்பட்ட வணிக வருமானமாகக் கொள்ளப்படும் என்பது வருமான வரி விதிகள் சொல்லும் கணக்கு. அப்போது தோட்டத்தின் வரவு செலவு தனியே நிற்க வேண்டும். சமையல் எரிவாயுவும் கவாத்துக் கூலியும் ஒரே பேரேட்டில் கிடந்தால் ஆடிட்டர் முன்னால் விழிக்க வேண்டியதுதான்.

குனூகேஷில் ஒரு கோப்பு என்பது ஒரு புத்தகம். ஒரு புத்தகத்திலுள்ள பதிவை இழுத்து இன்னொரு புத்தகத்தில் போட வழியில்லை. பதிவுகளைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக வெளியே எடுத்து, திருத்தி, புதிய புத்தகத்துக்குள் இறக்க வேண்டும். அதற்கு முன் மென்பொருளை மூடிவிட்டு, பழைய கோப்பை அன்றைய தேதியிட்ட பெயரில் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். எல்லா ஆண்டுகளையும் பிரிக்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடுவது நல்லது. நடப்பு நிதியாண்டின் ஏப்ரல் 1 முதல் பிரித்தால் போதும். முந்தைய ஆண்டுகள் பழைய புத்தகத்திலேயே இருக்கட்டும்.

கருவியைவிடக் கணக்கியல்தான் இங்கே முக்கியம். இரட்டைப் பதிவில் ஒவ்வொரு பதிவுக்கும் குறைந்தது இரண்டு கால்கள் உண்டு. நவம்பர் 14 அன்று பழம் பறித்தவர்களுக்கு 8,400 ரூபாய் கூலி கொடுத்தீர்கள் என்றால், ஒரு கால் தோட்டக் கூலியிலும் மற்றொரு கால் வீட்டு வங்கிக் கணக்கிலும் ஊன்றியிருக்கும். கூலி புதிய புத்தகத்துக்குப் போகிறது. ஆனால் பணம் போனது வீட்டு வங்கியிலிருந்துதானே? அந்தப் பதிவை வீட்டுப் புத்தகத்தில் அழித்தால், வங்கி இருப்பு பாஸ்புக்கோடு ஒத்துப்போகாது. ஆகவே இரண்டு புத்தகங்களிலும் ஒவ்வோர் இடைக்கணக்கு வேண்டும். வீட்டுப் புத்தகத்தில் சொத்து வகையில் ‘தோட்டத்துக்குக் கொடுத்தது’ என்றும், தோட்டப் புத்தகத்தில் மூலதன (ஈக்விட்டி) வகையில் ‘வீட்டிலிருந்து வந்தது’ என்றும் நான் பெயரிட்டிருக்கிறேன். அந்த 8,400 வீட்டுப் புத்தகத்தில் வங்கியிலிருந்து ‘தோட்டத்துக்குக் கொடுத்தது’ என்பதற்குப் போகும்; தோட்டப் புத்தகத்தில் ‘வீட்டிலிருந்து வந்தது’ என்பதிலிருந்து கூலிக்குப் போகும். காப்பி விற்ற பணம் வீட்டு வங்கியில் விழுந்தால் இதே பாதை எதிர்த்திசையில் அமையும்.

இனி செய்முறை. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் பகுதியிலுள்ள ‘எக்ஸ்போர்ட் அக்கவுண்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தால், பதிவுகள் இல்லாமல் கணக்குத் தலைப்புகள் மட்டும் கொண்ட புதிய கோப்பு கிடைக்கும். அதைத் திறந்து, வீட்டுத் தலைப்புகளை நீக்கி, இடைக்கணக்கைச் சேர்த்துச் சேமியுங்கள். அதுவே தோட்டப் புத்தகம். பிறகு பழைய புத்தகத்துக்குத் திரும்பி, அதே பகுதியில் ‘எக்ஸ்போர்ட் ட்ரான்சாக்‌ஷன்ஸ் டு சிஎஸ்வி’ என்பதில் தோட்டத் தலைப்புகளை மட்டும் தேர்ந்து, தேதி வரம்பைக் கொடுங்கள். ‘சிம்பிள் லேஅவுட்’ பெட்டியில் குறியிடாதீர்கள்; இட்டால் பதிவின் எல்லாக் கால்களும் தனித்தனி வரிகளாக வராது.

கிடைத்த கோப்பை லிப்ரேஆஃபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில், எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று தேர்ந்து திறக்க வேண்டும். இல்லையென்றால் தமிழில் எழுதிய தலைப்புகள் கிறுக்கலாகத் தெரியும். தேதிப் பத்தியை எழுத்து வகையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நான் அதைக் கவனிக்காததால் 5-12 என்ற டிசம்பர்த் தேதி 12-5 என்று புரண்டு, சேர்வராயன் மலையிலேயே மே மாதத்தில் பழம் பறித்துக் கூலி கொடுத்த ஒரே தோட்டக்காரன் என்ற பெருமை எனக்குக் கிடைத்தது. முழுக் கணக்குப் பெயர் உள்ள பத்தியில் வீட்டு வங்கியின் பெயர் வருமிடமெல்லாம் இடைக்கணக்கின் பெயரைத் தேடி மாற்றுங்கள். தொகைகளில் காற்புள்ளி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கலப்புப் பதிவுகளுக்குத்தான் பொறுமை தேவை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரே நாளில் 3,650 ரூபாய்க்குச் சாமான் வாங்கியதாக ஒரு பதிவு. அதில் 3,200 கவாத்துக் கத்திகளுக்கும் சாக்குகளுக்கும், 450 வீட்டுக் குக்கரின் உதிரிப் பாகங்களுக்கும் போயிருக்கிறது. கோப்பில் இது மூன்று வரிகளாக இருக்கும். குக்கர் வரியை நீக்கிவிட்டு, இடைக்கணக்கு வரியிலுள்ள -3650 என்பதை -3200 என்று குறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்து மற்றதை மறந்தால் பதிவு சமனாகாது.

தோட்டப் புத்தகத்தைத் திறந்து, இம்போர்ட் பகுதியில் சிஎஸ்வி பதிவுகளுக்கான வழியைத் தேர்ந்து, ‘குனூகேஷ் எக்ஸ்போர்ட் ஃபார்மட்’ என்ற ஆயத்த அமைப்பை ஏற்றுங்கள். தேதி வடிவம் நாள்-மாதம்-ஆண்டு என்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஐந்தாறு பதிவுகள் மட்டும் உள்ள சிறு கோப்பை, புத்தகத்தின் நகல் ஒன்றில் இறக்கிப் பார்ப்பது என் வழக்கம்.

வீட்டுப் புத்தகத்தில் எதையும் அழிக்க வேண்டாம். ஒவ்வொரு தோட்டப் பதிவிலும் செலவுத் தலைப்புக்குப் பதிலாக இடைக்கணக்கை மாற்றுங்கள். கலப்புப் பதிவில் 3,200 வரியை மட்டும் மாற்றினால் போதும். இது கையால் செய்யும் வேலை. அறுபது பதிவுகளுக்கு ஒரு மாலை பிடிக்கும். முடிந்ததும் ஏப்ரல் 1-க்குப் பின் இரண்டு இடைக்கணக்குகளிலும் சேர்ந்த தொகையை ஒப்பிடுங்கள். தொகை ஒன்றாகவும் திசை எதிராகவும் இருக்க வேண்டும். வித்தியாசம் சரியாக 450 என்று வந்தால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்ததே. 9-ஆல் மீதியின்றி வகுபடும் வித்தியாசம் வந்தால், கையால் திருத்திய தொகைகளில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.